அக்கா வீட்டுச் சுவரில் நீலம்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை, விட்டுவிட்டேன்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் கத்துவேன், நீ “அக்கா, லைன் சரியில்ல” என்று வைத்துவிடுவாய். போன மாதம் முழுக்க உனக்கு லைன் சரியில்லை. கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, பிரித்தால் படித்துத்தான் ஆகவேண்டும்.

புயல் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. எங்கள் தெருவில் இப்போது யாரும் காற்றைப் பற்றிப் பேசுவதில்லை, உன் பெயின்ட் டப்பாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சேதம் பார்க்க வந்த ஆபீசர் என்று நீ வீடு வீடாக நின்று சுவரில் பட்டை அடித்துக்கொண்டு போனாயே, அதோடு தெரு இரண்டாகிவிட்டது. சிவப்பு அடித்தால் முழுச் சேதம். இருப்பதை இடித்துவிட்டுப் புதுக் குடியிருப்பில் வீடு தருவார்கள். நீலம் அடித்தால் பாதிச் சேதம். நாலு கூரைத் தகட்டையும் கொஞ்சம் சிமென்ட்டையும் கொடுத்து, உன் பாட்டை நீயே பார்த்துக்கொள் என்பார்கள். பிள்ளைகள்கூட இப்போது சிவப்பு, நீலம் என்று கட்சி பிரித்துக்கொண்டுதான் விளையாடுகின்றன.

நாங்கள் நீலக் கட்சி. கூடப் பிறந்தவன் போட்ட நீலம்.

எங்கள் பேக்கரிக்குப் பின்னால் அடுப்பைத் தாங்கி நிற்கும் சுவர் எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதைப் பார்க்கவில்லை. மேலிருந்து கீழ்வரை விரிசல். என் உள்ளங்கை அதற்குள் போகிறது. அடுப்பு ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. உள்ளே வைக்கும் பன் எல்லாம் தட்டின் ஒரு மூலைக்குச் சரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேகிறது. உன் மச்சான் அதை “ஜோடி பன், ஜோடி பன்” என்று கூவி விற்கிறார். அவருக்கு எல்லாமே விளையாட்டு. எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் நாங்கள் படுக்கிறோம்.

எங்களுக்கு முன்னால் போன எல்லா வீட்டிலும் பின்கட்டு வரைக்கும் போய், சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தாய். எங்கள் வீட்டில் மட்டும் வாசலோடு நின்றுவிட்டாய். ஏன்? அதை மட்டும் சொல்.

அக்கா


பிப்ரவரி 14

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. ஆபீசில் பிரிக்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுவந்துதான் படித்தேன். நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். கோபப்படாமல் படிக்கவேண்டும்.

எங்களுக்குக் கொடுத்த விதிமுறையில், முன்பக்கச் சுவரும் பக்கவாட்டுச் சுவர்களில் ஒன்றும் நின்றால் நீலம் போடலாம் என்றுதான் இருக்கிறது. உன் வீட்டில் இரண்டும் நிற்கின்றன. ஆக, ஒரு விதத்தில் பார்த்தால், நான் தப்பாக எதையும் செய்துவிடவில்லை.

அன்றைக்கு நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். நான் உன் வாசலுக்கு வரும்போது பாதித் தெரு என் பின்னால் வந்துகொண்டிருந்தது. நீ மாவுக் கையோடு கடைக்குள்ளிருந்து வந்தாய். எல்லார் காதிலும் விழும்படி, “தம்பி, நம்ம வீடுப்பா, பாத்துப் போடு” என்று சிரித்தாய். பின்னால் யாரோ வேண்டுமென்றே இருமினார்கள். இன்னொருவர், “அப்புறம் என்ன, சிவப்புதான்” என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. உள்ளே வந்திருந்தால் நீ காபி கொடுப்பாய். நான் குடிக்காவிட்டாலும், அக்கா வீட்டில் காபி குடித்துவிட்டுச் சிவப்பு அடித்தான் என்பார்கள். இந்த வேலையில் நான் இன்னும் தற்காலிகம்தான். ஒரு புகார் போனால் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அதனால்தான் வாசலோடு நின்றேன். வேறு எதுவும் மனதில் இல்லை.

கூரைத் தகடு அடுத்த வாரம் வரும். முதல் வண்டியிலேயே உன் வீட்டுக்கு இறக்கச் சொல்லியிருக்கிறேன். மச்சானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

‘ஒரு விதத்தில் பார்த்தால்.’ இந்த வார்த்தையை எங்கே போய்க் கற்றுக்கொண்டாய்? ஆபீசிலேயே சொல்லிக்கொடுக்கிறார்களா?

சரி. நான் அன்றைக்கு அப்படிக் கத்தியது என் வாய்க்கொழுப்பு. ஒத்துக்கொள்கிறேன். காலரில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நீ வருவதைப் பார்த்ததும் எனக்கு ஒரே பெருமை. தெருவே உன் பின்னால் வருகிறது, அது என் தம்பி என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்றுதான் கூப்பிட்டேன். சிவப்பு வாங்குவதற்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான் என்று வைத்துக்கொள். ஆனால் என் வாய்க்கு நீ கொடுத்த தண்டனையை உன் மச்சான் அல்லவா அனுபவிக்கிறார்.

தகடு வந்தது. முதல் வண்டியிலேயே வந்தது. அதற்கும் நீலக்காரர்கள் எல்லாரும் என்னை முறைத்துப் பார்த்தார்கள். சிவப்பு கிடைத்தவர்கள் எங்களைப் பாவம் என்கிறார்கள், நீலக்காரர்கள் எங்களை ஆபீசர் வீடு என்கிறார்கள். நாங்கள் இரண்டிலும் சேர்த்தி இல்லை.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். எங்கள் வாசலில் நீலம் அடித்த கையோடு பக்கத்துத் தையல்காரர் வீட்டுக்குப் போனாய். அவர் வீட்டில் கூரை பறந்தது, இரண்டு ஜன்னல் போனது, அவ்வளவுதான். சுவரில் ஒரு கீறல் இல்லை. அவருக்குச் சிவப்பு. போன வாரம் அதை இடிக்க வந்தார்கள். புல்டோசர் முட்டுகிறது, முட்டுகிறது, சுவர் அசையவே இல்லை. ஓட்டுகிறவர் இறங்கி வந்து, “ஏங்க, இதுவா முழுச் சேதம்?” என்று தையல்காரரையே கேட்டார். அவர் பாவம் என்ன சொல்வார், தையல் மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் எப்படியோ தள்ளிவிட்டார்கள். அந்த அதிர்ச்சியில் எங்கள் சுவர் இன்னும் கொஞ்சம் வாயைத் திறந்தது.

நிற்க வேண்டிய வீட்டை இடித்தாயிற்று, இடிக்க வேண்டிய வீட்டில் நாங்கள் படுத்திருக்கிறோம். உன்னைத் திட்டினால் உன் மச்சான் என்னைத்தான் திட்டுகிறார். “அவன் சின்னப் பையன், நாலு பேரு முன்னாடி அவனை நெளிய வெச்சது நீதான்” என்கிறார்.

மறுபடி வந்து பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா? இருந்தால் சொல். இல்லையென்றால் இல்லை என்று சொல், சுற்றி வளைக்காதே.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

தையல்காரர் வீட்டு விஷயம் எழுதியிருந்தாய். அதைப் படித்தபின் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் வாசலில் நீலம் அடித்துவிட்டுத் திரும்பியபோது நீ மாவுக் கையைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டாய். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அடுத்த வீட்டில் தையல்காரர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், ஏழு மாதமோ எட்டு மாதமோ. நான் சுவரைப் பார்க்கவே இல்லை. சிவப்பை அடித்துவிட்டேன். உனக்குக் காட்ட வேண்டிய இரக்கத்தை ஆள் மாற்றிக் காட்டிவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வழி இருக்கிறது. குறி போட்டவனே மேலதிகாரியிடம் போய், என் குறி தவறு என்று எழுதிக் கொடுத்தால் மறு ஆய்வுக்கு வேறு ஆட்களை அனுப்புவார்கள். அவர்கள் உள்ளே வந்து பார்ப்பார்கள். உன் பின்சுவரைப் பார்த்தால் யாராக இருந்தாலும் சிவப்புதான் அடிப்பார்கள்.

நான் எழுதிக் கொடுக்கிறேன். என் வேலைக்கு என்ன ஆனாலும் சரி.

ஒன்று மட்டும் முக்கியம். அவர்கள் வரும்வரை அந்தச் சுவரைத் தொடாதே. விரிசலை அடைக்கக் கூடாது, முட்டுக் கொடுக்கக் கூடாது. ஒரு கரண்டி சிமென்ட் பட்டிருந்தாலும் ‘பழுது பார்க்கப்பட்டது’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், அப்புறம் நீலம் நீலம்தான். நான் இதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். பாவம், பயத்தில் அவசர அவசரமாகப் பூசியிருப்பார்கள், அதனாலேயே கிடைக்காமல் போயிருக்கும். மச்சான் கை சும்மா இருக்காது. அவரிடம் சொல்லி வை.

கட்டிலை மட்டும் முன்பக்க அறைக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

தம்பி


மே 6

தம்பிக்கு,

கட்டிலை மாற்றியாயிற்று. இப்போது ரொட்டி அலமாரிக்கும் கல்லாவுக்கும் நடுவில் படுக்கிறோம். மகள் ‘கடையில் விற்பனைக்கு நாங்களும் உண்டு’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அப்பனைப் போலவே வாய்.

மறு ஆய்வுக்காரர்கள் வரவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் வாசலைப் பெருக்கிவிட்டுத் தெருமுனையைப் பார்க்கிறேன். அடையாள அட்டை மாட்டிய யார் வந்தாலும் எழுந்து நின்றுவிடுகிறேன். நேற்று அப்படி நின்றேன். தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர்.

தெரு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியவேண்டும். சிவப்புக்காரர்கள் எல்லாரும் புதுக் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். பாதி வாடிக்கை அவர்களோடு போயிற்று. முன்னால் காலையில் மூன்று அடுப்பு ரொட்டி போகும், இப்போது ஒன்று போவதே பாடு. கடையில் உதவிக்கு இருந்த இரண்டு பேரும் இடிபாடு அள்ளும் கான்ட்ராக்டரிடம் போய்விட்டார்கள், அங்கே ஒரு நாள் கூலி இங்கே ஒரு வாரக் கூலி. கொத்தனார் யாரும் கூப்பிட்ட குரலுக்கு வருவதில்லை. வெளியூர்க்காரர்கள் வந்து இடம் வாங்குகிறார்கள். புயலுக்கு முன் ஒரு வீட்டின் வாடகை இப்போது ஒரு அறையின் வாடகை. உள்ளூர்க்காரர்கள் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். கடைத்தெருவில் நடந்தால் தெரிந்த முகம் குறைவாக இருக்கிறது.

தையல்காரர் தினமும் முதல் பஸ்ஸில் குடியிருப்பிலிருந்து இங்கே வருகிறார். எங்கள் கடையோரம் மெஷினைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். அங்கே வீடு புதுசு, சுவர் புதுசு, குழாயில் தண்ணீர் வருகிறது. ஆனால் தைக்கக் கொடுக்க ஆள் இல்லை. “உங்க தம்பி நல்லதுதான் நினைச்சாரு. ஆனா எனக்கு இங்கதான பொழப்பு? நல்லா இருந்த வீட்டை இடிச்சுட்டாங்க. நன்றி சொல்றதா அழறதான்னு தெரியல” என்றார். குழந்தை பிறந்துவிட்டது, பெண். அதன் மூக்கைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்.

உன் மச்சான் போன வாரம் எனக்குத் தெரியாமல் எங்கிருந்தோ நாலு மூட்டை சிமென்ட் கொண்டுவந்துவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாகப் பூசிவிடுவதாகத் திட்டம். நான் சண்டை போட்டுத் திருப்பி அனுப்பினேன். “உன் தம்பி சொன்னான்னு சுவரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணுமா?” என்றார். ஆமாம் என்றேன்.

நீ எழுதிக் கொடுத்துவிட்டாய்தானே?

அக்கா


மே 20

அக்காவுக்கு,

கொடுத்திருக்கிறேன். மேலே போயிருக்கிறது. இங்கே எல்லாவற்றுக்கும் வரிசை உண்டு, உனக்குத் தெரியாதது இல்லை. கண்டிப்பாக வருவார்கள்.

எனக்கு இந்த மாதம் வேலை நிரந்தரமாகிவிட்டது. உனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

வேறு விசேஷம் இல்லை. மழைக்கு முன்னால் வந்துவிடுவார்கள். சுவரைத் தொடவேண்டாம்.

தம்பி


ஜூலை 11

தம்பிக்கு,

மழை ஆரம்பித்துவிட்டது. உன் ஆட்கள் வரவில்லை.

போன வாரம்தான் புதுக் குடியிருப்பை முறைப்படி திறந்து வைக்க விழா நடந்ததாமே. தையல்காரர் வந்து கதை கதையாகச் சொன்னார். உன் பெரிய அதிகாரி மேடையில் உன்னைக் கைப்பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாராம். “சொந்த அக்கா வீட்டுக்கே நீலம் போட்டவர் இவர். இப்படிப்பட்டவர்கள் இருக்கும்வரை யாரும் நம்மைக் கைநீட்டிப் பேச முடியாது” என்றாராம். கூட்டம் அப்படிக் கை தட்டிற்றாம். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாயாம். அடக்கம் என்று எல்லாரும் மெச்சிக்கொண்டார்களாம். ஒவ்வொரு ஊரிலும் இந்தக் கதையை அவர் சொல்கிறாராம், அதனால்தான் உன் வேலை சீக்கிரம் நிரந்தரமாயிற்றாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு உன் மச்சானும் கை தட்டினார். மாவு மேசைக்குப் பின்னால் நின்று, நிஜமாகவே தட்டினார். “நம்ம வீட்டுச் சுவரை வெச்சு அவன் மேல வந்துட்டான், பரவாயில்ல” என்றார்.

அவர் மரக்கட்டைகள் கொண்டுவந்து சுவருக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்தால் காரியம் கெட்டுவிடும் என்றேன். நீ சொன்னதைத்தான் சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கட்டைகளை அடுப்புக்கு வெட்டிவிட்டார்.

நீ கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அக்கா


ஆகஸ்ட் 2

தம்பி,

இன்று காலை சுவர் விழுந்துவிட்டது. உன் மச்சான் கடைசித் தட்டை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். வலது கை உள்ளே மாட்டிக்கொண்டது. தையல்காரரும் நானும் கல்லைப் புரட்டி எடுத்தோம். பெரியாஸ்பத்திரியில் இருக்கிறோம். உயிருக்கு ஒன்றும் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.


ஆகஸ்ட் 5

அக்கா,

நான் எழுதிக் கொடுக்கவில்லை.

இதை முதல் வரியிலேயே எழுதவேண்டும் என்று முடிவு செய்தபின்தான் உட்கார்ந்தேன். எழுதி வைத்திருந்தேன், கொடுக்கவில்லை. மார்ச்சில் உனக்குக் கடிதம் போட்டுவிட்டு அடுத்த நாளே எடுத்துக்கொண்டு அதிகாரி அறைக்குப் போனேன். அவர் ஏற்கெனவே இரண்டு பேரிடம் என்னைக் காட்டி, “நான் சொன்னேனே, அந்த அக்கா கதை, இவர்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து நின்று கை கொடுத்தார்கள். நான் பேப்பரை மடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வாரம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேறு ஊரில் வேறு கூட்டம், அங்கேயும் அதே கதை. ஒவ்வொரு தடவை அவர் சொல்லச் சொல்ல, இல்லை சார் என்று சொல்வது எனக்கு இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. அப்புறம் நிரந்தரமும் ஆகிவிட்டது. உனக்குக் கொடுத்துவிட்டதாகப் பொய் எழுதினேன். வருவார்கள், சுவரைத் தொடாதே என்று மறுபடியும் எழுதினேன். அதை எழுதும்போது யாரும் வரப்போவதில்லை என்று இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

நான் உனக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் மச்சான் அன்றைக்கே பூசியிருப்பார். சுவர் நின்றிருக்கும். நீலம் அடித்ததையாவது பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் சொல்வது?

உன் கடிதம் கிடைத்ததும் நேராக அதிகாரியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே போய்ப் பார்க்காமலே நீலம் அடித்தேன், தையல்காரர் வீட்டுக்கும் பார்க்காமலே சிவப்பு அடித்தேன், நீங்கள் மேடையில் சொல்வது நேர்மை இல்லை சார், நாலு பேருக்குப் பயந்த பயம் என்றேன். அவர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். “மனசு கஷ்டத்துல பேசுறீங்க. வீடுதான் இப்ப விழுந்துடுச்சே, இன்னைக்கே ஆள் அனுப்பி சிவப்பு போடச் சொல்றேன். யாருக்கும் பிரச்சினை இல்லாம முடிஞ்சுடும்” என்றார். அவர் கெட்டவர் இல்லை, அக்கா. உண்மையாகவே எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். நான் எழுதிக் கொண்டுபோனதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நேற்று மாலை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வார்டு கதவுவரை வந்தேன். மச்சான் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி நர்ஸிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அந்த அம்மா சிரித்தார். நீ முதுகைக் காட்டிக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாய். இந்தத் தடவையும் வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல். மச்சானிடம் சொல்லிவிடு.

தம்பி


ஆகஸ்ட் 26

தம்பி,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். திட்டி எழுத வேண்டும் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். என்னால் முடியவில்லை. ஏன் என்று நேராகவே சொல்கிறேன், நீ முதல் வரியிலேயே சொன்னதுபோல்.

நீ கொடுக்கவில்லை என்று எனக்கு முன்னாலேயே தெரியும்.

ஜூன் மாதம் தையல்காரர் தன் பழைய இடத்தில் ஒரு சின்னக் கடை போட அனுமதி கேட்டு உங்கள் ஆபீசுக்குப் போனார். போன இடத்தில், பேக்கரி வீட்டு மறு ஆய்வு எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்காக விசாரித்திருக்கிறார். அப்படி ஒன்று வரவே இல்லை என்று அங்கே இருந்தவர் சொல்லிவிட்டார். அவர் வந்து தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார். உன் மச்சானிடம் சொல்லவேண்டாம் என்று அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்.

யாரும் வரப்போவதில்லை என்று உனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் தெரியும். தெரிந்துதான் அந்தக் கட்டைகளை வேண்டாம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார் என்று எழுதினேனே, அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இத்தனை நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு அவ்வளவு கோபம். மேடையில் உனக்குக் கை தட்டினார்கள் என்று கேட்டதும் வயிறு எரிந்தது. இந்தச் சுவர் விழட்டும், அன்றைக்குக் கை தட்டினவர்கள் எல்லாரும் வந்து பார்க்கட்டும், என் தம்பி முகத்தை அப்போது எங்கே வைத்துக்கொள்கிறான் பார்க்கலாம் என்று நினைத்தேன். தினமும் காலையில் அந்த விரிசலைப் போய்ப் பார்ப்பேன். கொஞ்சம் பெரிதாகியிருந்தால் எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. நான் பெற்ற பிள்ளையும் கட்டிய புருஷனும் நடமாடுகிற வீடு என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. சுவர் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் விழும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நானாக நினைத்துக்கொண்டேன்.

நீயாவது பயத்தில் செய்தாய். நான் வஞ்சத்தில் செய்தேன். அதுவும் உன் மேல் இருந்த வஞ்சத்துக்கு அவர் கையைக் கொடுத்தேன்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. விழுந்த மூன்றாம் நாளே ஆள் வந்து, நின்றிருந்த முன்பக்கச் சுவரில் நீலத்தின் மேலேயே சிவப்பு அடித்துவிட்டுப் போனார். குடியிருப்பில் வீடு ஒதுக்கிவிட்டார்கள். அங்கே அடுப்பு கட்ட அனுமதி இல்லை. அதைச் சொன்னேன். “ரொட்டி இல்லன்னா பிஸ்கட் வாங்கி வித்துக்கலாம்” என்றார். மற்ற மூன்று விரலும் மடங்குமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. இடது கையால் தலையணையைப் பிசைந்து பழகுகிறார். வார்டில் எல்லாரும் பார்த்துச் சிரிக்கிறார்கள், அவரும் சிரிக்கிறார். நான் பார்க்கும்போதுதான் சிரிக்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஒரு நாள் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவப்பு இவ்வளவு சீக்கிரம் கிடைத்தது உன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், “என் மச்சினன் ஒரே நாள்ல ஆளை அனுப்பிட்டான் தெரியுமா?” என்கிறார். உன்னை ஏன் காணோம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “கை போனா என்னங்க. எனக்கு வாய்ச்ச மாதிரி பொண்டாட்டியும் மச்சினனும் யாருக்கு வாய்க்கும்?” நான் பிளாஸ்க்கைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

நான் சொல்லிவிடுவேன் என்று நினைத்துத்தான் மச்சானிடம் சொல்லிவிடு என்றாய். தனியாகச் சொல்லப் பார்த்தேன். இரண்டு தடவை பக்கத்தில் உட்கார்ந்தேன். உன்னுடையதை மட்டும் சொல்லிவிட்டு என்னுடையதை விழுங்கிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அவ்வளவு சுலபமாக இருக்கும் அது. நீ தனியாக வந்தாலும் அப்படித்தான் செய்வாய், எல்லாப் பழியையும் நீயே போட்டுக்கொண்டு போய்விடுவாய். அப்போதும் நான் தப்பித்துக்கொள்வேன்.

அதனால் வா. இந்தத் தடவை கதவோடு நிற்காதே. இரண்டு பேரும் அவர் கட்டிலுக்கு முன்னால் நின்று, நீ உன்னுடையதைச் சொல், நான் என்னுடையதைச் சொல்கிறேன். அவர் ஏதாவது வேடிக்கையாகப் பேசி விஷயத்தை மாற்றப் பார்ப்பார், விடக்கூடாது. கோபப்பட்டால் படட்டும். அவர் என்னிடம் ஒரு நாளாவது கோபப்பட வேண்டும்.

வெள்ளிக்கிழமை அவரை அனுப்புகிறார்கள். நேராகப் புது வீட்டுக்குத்தான் போகவேண்டும். அந்தச் சாவி என் பையில் இருக்கிறது. அந்த வீடு எப்படிக் கிடைத்தது என்று தெரியாமல் அவரை அதற்குள் கூட்டிக்கொண்டு போக என்னால் முடியாது.

வியாழக்கிழமையே வந்துவிடு.

அக்கா